டியூப் என் கையில்தான் இருந்தது

அன்புள்ள மகனுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஒரு விஷயத்தை உன் வயதைவிட அதிக காலமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சொல்லாமலே செத்துவிடலாம் என்ற தைரியமும் இருந்தது. நம் குடும்பத்தில் ஆண்கள் அறுபதைத் தாண்டியதில்லை, எனக்கு இன்னும் சில வருஷம்தான், தப்பித்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீ புத்தகம் எழுதுவாய் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

“அச்சுக்குப் போகுதுப்பா, முதல் அத்தியாயத்தை மட்டும் ஒருதரம் பாத்துருங்க, உங்க கதைதான்” என்று அனுப்பியிருந்தாய். பார்த்தேன். பிழை திருத்துவதற்காகச் சிவப்புப் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நீ நன்றாக எழுதுகிறாய். என் எழுத்தில் இல்லாத ஒரு நிதானம் உன்னிடம் இருக்கிறது. சங்கு குளிக்கப் போய்க் கை கால் விழுந்து கிடப்பவர்களை வீடு வீடாகத் தேடிப் போயிருக்கிறாய். அவர்களைப் பார்த்து நீ பரிதாபப்படவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். அதையெல்லாம் படிக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அந்தப் பக்கம் வந்தது. “நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் செய்தி, என் மாமாவின் சாவைப் பற்றி என் அப்பா எழுதியது. கம்ப்ரசர் இயந்திரத்தைக் கவனித்த இன்னாசி என்பவரின் அலட்சியத்தால் மாமா கடலுக்கடியில் மூச்சு முட்டி இறந்தார். அதை எழுதியதால் அப்பா பத்திரிகை வேலையை இழந்தார். நான் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இந்த ஒரு பதில்தான் இருக்கிறது.” சில வரிகள் தள்ளி இதுவும் இருந்தது: “இன்னாசியை அவரது ஊரில் சந்திக்க முயன்றேன். என் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவரை விடாத குற்ற உணர்வாக இருக்கலாம்.”

சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

எளிதானதிலிருந்து தொடங்குகிறேன். உண்மையை எழுதியதற்காக என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. வேலை என்று ஒன்று இருந்தால்தானே தூக்குவதற்கு. நான் பகுதி நேர நிருபர். துறைமுகத்துக் கப்பல் செய்தி, பனிமயமாதா திருவிழாச் செய்தி, உப்பளத்தில் மழை பெய்த செய்தி, எல்லாம் எழுதி அனுப்புவேன். “நமது நிருபர்” என்று வரும். நிரந்தரமாக்குகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஏமாற்றினார்கள். எனக்குக் கீழ் வகுப்பில் படித்த பையனைக் கொண்டுவந்து எனக்கு மேலே உட்காரவைத்தார்கள். ரோஷத்தில் நான்தான் விலகினேன். நீ ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படிக்கும்போது, “ஏன்ப்பா பேப்பர் வேலையை விட்டீங்க?” என்று கேட்டாய். “உண்மையை எழுதுனா இப்படித்தான் ஆகும்” என்று சொன்னேன். அந்த நேரத்தில் உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை அணைக்க எனக்கு மனசு வரவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். அந்த வெளிச்சம் என்மேல் படுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் நிஜம். அதுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வேலை தராத கல்லூரி நிர்வாகி, நிரந்தரமாக்காத பத்திரிகை ஆசிரியர், சாப்பாட்டு மேசையில் நான் தினமும் திட்டும் ஆட்கள் எல்லோரையும் நான் உண்மை பேசியதால் வந்த எதிரிகள் என்று நீ நம்பினாய். நீதி கேட்கும் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் இருந்தது வெறும் வன்மம். உன்னிடம் வந்து அது எப்படி நீதியாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி கடினமானது.

சங்கு குளிக்கிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு என்று உன் புத்தகத்தில் ஒரே வரியில் எழுதியிருக்கிறாய்: “குளிப்பவரின் கயிற்றை அவர் மனைவியின் சகோதரர் பிடிப்பார்.” அந்த ஒரு வரிக்குள்தான் நம் வீட்டுக் கதை முழுவதும் இருக்கிறது. முத்துக் குளித்த காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. கடலுக்கடியில் இருப்பவனின் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில். கூடப்பிறந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப வேண்டாம், சொத்துத் தகராறு இருக்கும். மச்சினனை நம்பலாம். தன் அக்கா தங்கை தாலியறுத்து நிற்பதை எவனும் விரும்பமாட்டான். கல்லைக் கட்டி மூச்சடக்கிக் குளித்த காலம் போய், வள்ளத்தில் கம்ப்ரசரை வைத்து டியூபில் காற்று அனுப்பிக் குளிக்கிற காலம் வந்தபோதும் அந்த வழக்கம் போகவில்லை. கயிற்றுக்குப் பதில் டியூப், அவ்வளவுதான். மச்சினன் பிடித்திருக்கும்போது இன்னொருவன் டியூபைத் தொடமாட்டான். தொட்டால் குளிக்கிறவனுக்கு ஆகாது என்பார்கள்.

உன் பெரியப்பா அப்போது வெளியூரில் வேலையில் இருந்தார், உன் சூசை மாமாவுக்கு ஊரில் இருந்த மச்சினன் நான் ஒருவன்தான். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, பகுதி நேரச் செய்தி எழுதிக்கொண்டு, வீட்டில் சும்மா இருந்தேன். லூர்து அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. அதுவரை டியூப் பிடித்த எங்கள் பங்காளி முறைப் பையன் துபாய்க்குப் போய்விட்டான். அக்கா வந்து கேட்டாள்.

“தம்பி, இந்த சீசன் மட்டும் போயிட்டு வால. கூலி ஆளை வச்சிக்கிடுவேன்னு சொல்லுதாரு. எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிடுது.”

“நான் படிச்சதுக்கு டியூபா பிடிக்க?”

“நீ பிடிச்சா நான் ராத்திரி தூங்குவேன்ல.”

போனேன். இதை நான் பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டேன், எல்லோரும் அப்படி நினைக்க வேண்டும் என்றும் எதிர்பார்த்தேன். உன் மாமா அப்படி நினைக்கிற ஆள் இல்லை. உனக்கு அவரைத் தெரியாது. உன் புத்தகத்தில் அவரை ஒரு சாந்தமான உழைப்பாளியாக எழுதியிருக்கிறாய். அவர் சாந்தமே கிடையாது. சத்தமாகச் சிரிப்பார், ஊரைக் கேலி செய்வார், கருவாட்டுக் குழம்புக்காக வீட்டுக்கு வீடு ஏறி இறங்குவார். எங்கள் தெருவில் சிலுவை நட்ட குருசடியின் திருவிழாவில், கொடி ஏற்றிய அன்று, ஊர் ஆட்கள் கூடி நின்ற இடத்தில் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: “எங்க மச்சினன் எம்மே. மத்தவன் எல்லாம் சும்மா டியூப் பிடிப்பான், இவன் இங்கிலீஷ்ல பிடிப்பான்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நிமிஷத்திலிருந்து அவருடன் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

நம் பக்கத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். உன் பெரியப்பாவுடன் நான் பேசி எத்தனை வருஷமாகிறது. பேசாமல் இருந்துகொண்டே கல்யாணத்துக்குப் போவோம், சாவுக்குத் தோள் கொடுப்போம், முறை செய்வோம். முறை வேறு, பேச்சு வேறு. அப்படித்தான் ஒரு சீசனில் பாதியை நானும் அவரும் ஒரே வள்ளத்தில் பேசாமல் கழித்தோம். நடுவில் இன்னாசி இருந்தார். இஞ்சினையும் கம்ப்ரசரையும் கவனிப்பது அவர் வேலை. “ஏ இன்னாசி, டியூப்ல முறுக்கு இருக்கான்னு அவனைப் பாக்கச் சொல்லு” என்பார் அத்தான். நான் அவருக்கு எதிரிலேதான் உட்கார்ந்திருப்பேன். “பாத்தாச்சுன்னு சொல்லுங்க அண்ணே” என்பேன். “ரெண்டு பேருக்கும் தபால்காரன் வேலை பாக்கவா நான் கடலுக்கு வந்தேன்” என்று இன்னாசி தலையில் அடித்துக்கொள்வார். கேட்டால் இப்போது சிரிப்பாகக்கூட இருக்கிறது.

கம்ப்ரசரில் பெரிய ஆபத்து இஞ்சின் புகை. காற்றை உறிஞ்சும் வாய் ஒரு பக்கம், இஞ்சினின் புகைக்குழாய் இன்னொரு பக்கம். காற்று ஒரே திசையில் அடிக்கும்வரை பிரச்சினையில்லை. திசை மாறினால் புகை திரும்பி வந்து உறிஞ்சும் வாயில் ஏறும், டியூப் வழியாகக் கீழே போகும். குளிக்கிறவனுக்கு நாற்றம் அவ்வளவாகத் தெரியாது, தூக்கம் வருவதுபோல இருக்கும், அவ்வளவுதான். அதனால் டியூப் பிடிப்பவன் காற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாறினால் டியூபைச் சுண்டி இழுத்து மேலே கூப்பிட வேண்டும். கடற்கரையில் பிறந்தவன் நான். காற்று மாறுவதை முதுகில் அறிவேன். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முந்தின நாள் அப்படித்தான் இழுத்தேன். வாடைக் காற்று விழுந்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று லேசாகத் தலைகாட்டியது; உடனே இழுத்துவிட்டேன். மேலே வந்தவர், முகமூடியைக் கழற்றுவதற்குள் கத்த ஆரம்பித்தார். கீழே சங்கு குவிந்து கிடந்ததாம், மறுபடி அந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கரை வந்தபிறகும் விடவில்லை. வள்ளம் இழுக்க வந்தவர்கள் முன்னால், முதல் முறையாக என்னிடம் நேராகவே பேசினார்.

“ஏல, காத்தைப் பத்தி எந்தப் புஸ்தகத்துல படிச்ச? சங்கு மேல சங்கா கெடந்துச்சு. இழுத்துட்டான், பயந்தாங்கொள்ளி. இனிமே நான் கீழயிருந்து இழுத்தாத்தான் நீ மேல இழுக்கணும். கேட்டியா? நான் இழுக்காம நீ தொட்டேன்னா கையை முறிச்சுப்புடுவேன்.”

மனதுக்குள் அதைச் சட்டம்போல எழுதிவைத்துக்கொண்டேன். அவர் இழுத்தால்தான் நான் இழுக்க வேண்டும்.

மறுநாளும் அந்தப் பக்கத்துக் கடல்தான். அவர் இறங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. முதுகில் கச்சான் பட்டது. இஞ்சின் புகை முதலில் கடல்மேல் போய்க்கொண்டிருந்தது, பிறகு நேராக எழும்பியது, பிறகு எங்கள் பக்கம் சாய்ந்தது. என் மூக்கில் டீசல் நாற்றம் ஏறியது. டியூப் என் கையில்தான் இருந்தது. அதில் காற்று ஓடுகிற அதிர்வு உள்ளங்கையில் தெரிந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து இன்னாசி சொன்னார். “தம்பி, பொகை திரும்புது. கூப்பிடும் அவர.”

“அவர் இழுக்கலையே.”

“அவர் எங்கன இழுக்க? நீரு கூப்பிடும்.”

“நேத்து என்ன சொன்னாருன்னு கேட்டீங்கல்லா? அவருக்குத் தெரியாத காத்தா?”

“அப்பம் இஞ்சினை அமத்தட்டுமா?”

“அமத்துனா என்னைத்தான் ஏசுவாரு. சும்மா இருங்க.”

இன்னாசி எழுந்து டியூபின் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. “உம்ம கையில இருக்கு. நான் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்ல முடியும். தலை வலியோடு மேலே வருவார், வாந்தி எடுப்பார், “ஏன் இழுக்கல?” என்று என்னைக் கேட்பார், அப்போது ஊர் முன்னால் “நீங்க இழுக்கலையே” என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை எந்தத் தொனியில் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமைதியாகச் சொன்னால்தான் வலிக்கும் என்று முடிவு செய்தேன். அப்போதுதான் டியூப் என் கையில் தொய்ந்தது. இழுத்தேன். கனமாக வந்தது. இன்னாசி குதித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உதடும் நகமும் வெற்றிலை போட்டதுபோலச் சிவந்திருந்தன. உயிரோடு இருப்பவர்போல இருந்தார்.

கரையில் அக்கா அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “ஏல, டியூப் உன் கையிலதான இருந்துச்சு?” என்று கேட்டாள். “என் கையிலதான் இருந்துச்சுக்கா” என்றேன். அது பொய்யில்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது என்பதுதான் கொடுமை. தம்பி கையில் இருந்தும் போனான் என்றால் அது கடவுள் சித்தம் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள்.

அடக்கம் முடிந்த கையோடு பத்திரிகை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். குடும்பத்து ஆளே நிருபராக இருப்பது அபூர்வமாம், பெயர் போட்டு எழுதலாம் என்றார்கள். அதுவரை என் பெயர் அச்சில் வந்ததேயில்லை. நான் எழுத உட்கார்ந்தேன். சாவுக்குக் காரணமாக எழுதுவதற்கு என் முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் வள்ளத்து முதலாளி. காற்று உறிஞ்சும் வாய்க்கு நீளமான குழாய் ஒன்றைப் போட்டு உயரத்தில் கட்டியிருந்தால் புகை ஏறியிருக்காது. அத்தானே அவரிடம் பலமுறை கேட்டு, “அடுத்த சீசன் பாப்போம்” என்ற பதிலை வாங்கியிருந்தார். ஆனால் முதலாளியைப் பற்றி எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. போடுவார்களா என்று கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது ஆள் நான். மிச்சம் இருந்தது இன்னாசி. அவர் குடிப்பார், சண்டை போடுவார், கெட்ட வார்த்தை பேசுவார். அவருக்காகப் பேச ஊரில் ஆள் கிடையாது. எழுதுவதற்கு அவரைப்போல் வசதியான ஆள் வேறு யார்? “இயந்திரத்தைக் கவனித்து வந்தவர் புகை திரும்பியதைக் கவனிக்கத் தவறினார்” என்று எழுதினேன். நல்ல வாக்கியம் என்று அப்போது நினைத்தேன்.

இன்னாசி சும்மா இருக்கவில்லை. கடைகளில், கோயில் வாசலில், போலீஸ் ஸ்டேஷனில் எல்லா இடத்திலும் நடந்ததைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. பேப்பரில் வந்துவிட்டது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம் வழக்கம்தான். “ஏ இன்னாசி, வாய் கூசாம சொல்லுதியே. கூடப்பொறந்தவ தாலிய எந்த மச்சினனாவது அறுப்பானா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் மட்டும்தான் பதில் இருந்தது. அதற்கப்புறம் எந்த வள்ளமும் அவரை ஏற்றவில்லை. துறைமுகத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றினார், உப்பளத்துக்குப் போனார், கடைசியில் குடும்பத்தோடு கீழவைப்பாருக்குப் போய்விட்டார். ஒருமுறை குடித்துவிட்டு நம் வாசலில் வந்து நின்று என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். நீ அப்போது சின்னப் பிள்ளை, பயந்து அழுதாய். உன் அம்மா கதவைச் சாத்தினாள். “மாமாவைக் கொன்னவன்” என்று லூர்து அத்தை உனக்குச் சொன்னாள். நான் உள்ளே இருந்தேன்.

என் செய்தியை அத்தை கண்ணாடிச் சட்டம் போட்டு மாமா படத்துக்குக் கீழே மாட்டிவைத்தாள். நீ எழுத்துக்கூட்டிப் படித்தது அதைத்தான். “அ-ல-ட்-சி-ய-ம், அலட்சியம்னா என்ன அத்தை?” என்று நீ கேட்டது என் காதில் விழுந்தது. அத்தை சொன்ன பதில் ஞாபகமில்லை. உனக்குக் காது குத்தியது, முதல் நற்கருணை வாங்கியது, சென்னைக்குப் படிக்கப் போனது, எல்லாவற்றுக்கும் அந்தப் படத்தின் முன்னால் நின்று ஆசீர்வாதம் வாங்கினாய். விதவை அக்காவை இன்றுவரை கூடவே வைத்துக் காப்பாற்றுகிறவன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். தவக்காலம் தவறாமல் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். அண்ணனுடன் பேசாத பாவம், கோபத்தில் திட்டிய பாவம், பூசைக்குப் போகாத பாவம். அந்தக் கூண்டுக்குள் சின்னப் பாவங்களைக் கொட்டிவிட்டு வெளியே வருவேன்.

உன் அத்தியாயத்தைப் படித்த அன்றே உனக்குப் போன் செய்தேன். சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தேன். “படிச்சிட்டீங்களாப்பா? எப்படி இருக்கு?” என்றாய். பின்னால் அலுவலகச் சத்தம், யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள், நீ அவர்களிடம் “எங்க அப்பா, எங்க அப்பா” என்று சொல்கிறாய். “நல்லாருக்கு” என்றேன். போனை வைத்தபிறகு எனக்கே அருவருப்பாக இருந்தது. அன்று கையில் டியூபை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இன்று போனை வைத்துக்கொண்டு அதையே செய்தேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கீழவைப்பாருக்குப் பஸ் ஏறினேன். இன்னாசி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண் பூத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்தேன்.

“வாரும். ஒம்ம மகன் போன மாசம் வந்தான். அதே மூக்கு. பேரையும் சொன்னான், கதவைச் சாத்திட்டேன்.”

“ஏன் சாத்துனீங்க? அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்லா.”

“நான் சொல்லாத எடம் உண்டாவே? எல்லாவன்கிட்டயும் சொல்லியாச்சு. ஒம்ம மகன்ட்ட வேற சொல்லி, அவனும் நம்பாம எந்திரிச்சுப் போறதை நான் பாக்கணுமோ?”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த வார்த்தையை எடுப்பதற்கு முன்பே அவர் கையைக் காட்டினார்.

“அது ஒண்ணும் வேண்டாம். நீரு வந்து மன்னிப்புக் கேட்டு, நான் மன்னிச்சு, ஒமக்கு நல்லாத் தூக்கம் வரும், எனக்கென்ன வரும்? என் கடைசி மக நர்சிங் படிக்கா. நிறைய வாசிப்பா. நீரு எழுதுனது அவ பொறக்குமுந்தி, எவன் வீட்டுலயும் இப்பம் அந்தப் பேப்பர் கெடையாது. ஒம்ம மகன் புஸ்தகம் போடுதானாமே. அதுல எம் பேரு வருமா?”

வரும் என்று சொன்னேன்.

“அப்பம் அவ வாசிப்பா” என்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, “யாருப்பா?” என்றாள். “தூத்துக்குடியில ஒரு ஆளு” என்றார். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே இந்தக் கடிதம். உன் புத்தகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நீ எழுதியவற்றில் பெரும்பாலானவை உண்மை. நீளக் குழாய் வாங்கித் தராத முதலாளிகள் இன்றும் இருக்கிறார்கள், இன்றும் ஆட்கள் கை கால் விழுந்து கிடக்கிறார்கள், அவர்களுக்காகக் கேட்க ஆள் வேண்டும். நீ கேட்பதற்கான காரணம் பொய்யாகிவிட்டதே என்று நீ உட்கார்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். எங்கோ ஒரு அநியாயம் நடந்தது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆறு வயதில் உனக்குத் தோன்றியதே, அது சரிதான். அநியாயம் நடந்தது. அந்தச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த செய்தியிலேயேதான் நடந்தது. முதல் அத்தியாயத்தில் இன்னாசி பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரை எழுது. முதலாளியையும் எழுது. உறவு முறையைச் சொல்லி என் பங்கைக் குறைத்துவிடாதே. ஒரு தகப்பனாகப் புத்தி சொல்ல எனக்கு இனி உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒரு சாவுக்குக் காரணம் தேடும்போது, எழுதுவதற்கு எளிதாக ஒரு ஆள் கிடைத்தால், அந்த இடத்தில் பேனாவைக் கீழே வை. கதவைச் சாத்துகிறவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் இல்லை. அந்த வரியை நீ எழுதியதற்கு நான்தான் காரணம், ஆனாலும் அதை எழுதியது நீ.

லூர்து அத்தையிடம் சொல்லிவிட்டேனா என்று கேட்பாய். இன்னும் இல்லை. இதை எழுதும்போது அவள் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருக்கிறாள். எதையோ தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் அவளிடம் சொல்லப் போகிறேன். முதலில் அவளிடம் சொன்னால், அவள் அழுகையைக் காரணம் காட்டி இதைக் கிழித்துப்போட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அவள் இந்த வீட்டில் இருப்பாளா, போவாளா என்பது அவள் முடிவு. அந்தச் சட்டத்தை ஆணியிலிருந்து நான் கழற்றப் போவதில்லை. கழற்ற வேண்டியவள் அவள்.

கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவை எடுத்தேன். “அன்புடன் அப்பா” என்று போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். நீ இரக்கப்படுவாய். அப்பா சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புவாய், அல்லது வயதாகிவிட்டது, எதையோ போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று ஒதுக்கிவைப்பாய். இரண்டுமே இன்னாசிக்கு உதவாது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனில் சொன்னாய், ஞாபகமிருக்கிறதா: “மொட்டைக் கடுதாசி வந்தா நாங்க தூக்கிப் போடமாட்டோம்ப்பா. அதுல ஒரு வரியக்கூட நம்பவும் மாட்டோம். நேரா போய் விசாரிப்போம்.” அன்று உன்னைப் பற்றிப் பெருமையாக அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். என் பெயர் ஒரே ஒருமுறைதான் அச்சில் வந்தது. என் பெயர் இருந்ததால்தான் எல்லோரும் அதை நம்பினார்கள்.

அதனால் கீழே எதுவும் எழுதாமல் மடிக்கிறேன். கூரியரில் அனுப்புநர் பெயர் கேட்பார்கள், ஆகவே சாதாரணத் தபால்தான். எழுதியது யார் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் இதை ஒரு மொட்டைக் கடிதமாகவே எடுத்துக்கொள். அதை நம்பாதே. கீழவைப்பாருக்குப் போ, இந்தமுறை வாசலிலேயே நின்று, உன் மூக்கு சொன்னாலும் நீ இன்னாருடைய மகன் என்று வாயால் சொல்லாமல், நடந்ததைக் கேட்க வந்திருக்கிறேன் என்று சொல். அவர் கதவைத் திறப்பார் என்று நினைக்கிறேன். அதன்பிறகு தூத்துக்குடிக்கு வா. வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, மற்றவர்களிடம் கேட்பதைப்போலவே என்னிடமும் கேள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.